சுழி என்றால் என்ன பொருள்

தார்த்து நகரம். ஆறு உறைந்து மூன்று வாரம்.
ஆவணம் ஒன்றுக்கு மதிப்பெண் போடச் சொல்லி
எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.

நிரலைத் தணிக்கை செய்கிற கருவி;
அதற்கொரு கையேடு, நூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
இனி அதைப் படிக்கப்போவது ஏஐ முகவர்.
கொட்டாவி விடாது, பக்கம் தாண்டாது.
எழுதியவர் முகத்தைப் பார்த்து
மிச்சத்தைத் தெரிந்துகொள்ளவும் அதற்கு வழியில்லை.

என் தாளில் நாற்பது கட்டங்கள்.
நிறுவும் முறை: இருக்கிறது.
கட்டளைகள்: அகரவரிசையில் அத்தனையும்,
எதை முதலில் ஓட்டுவது என்பதைத் தவிர.
எடுத்துக்காட்டு: திரையைப் படமெடுத்து ஒட்டி,
சிவப்பு அம்பு போட்டு, "இங்கே பாருங்கள்."
முகவரிடம் போய்ச் சேர்ந்தது
"படம் ஏழு" என்ற இரண்டு சொல்.
"தேவைக்கேற்ப" பதினேழு இடத்தில்.
"வழக்கம்போல" ஒன்பது.
இன்று காலை விழித்துக்கொண்ட ஒன்றுக்கு
ஏது வழக்கம்?

அதுவரை அரை அரையாகக் கழித்துக்கொண்டு வந்தேன்.

பிறகு சோதனை ஓட்டம்.
ஒரு சிற்றூரின் வெந்நீர்க் குழாய்களை நடத்தும் நிரல்,
மாதிரிக்காக. அதில் நானே
மூன்று ஓட்டை வைத்திருந்தேன்;
ஒன்றில் கடவுச்சொல் பட்டப்பகலில் கிடந்தது.
முகவர் கருவியை ஓட்டியது.
இரண்டு நொடி.
"தணிக்கை முடிந்தது. குறை ஏதுமில்லை."

என் முதுகுக்குப் பின்னால்
வெந்நீர் ஓடும் இரும்புப் பட்டைகள் முனகின.

தோண்டிப் பார்த்தேன்.
கோப்புறையின் பெயரில் ஓர் எழுத்துப் பிசகு.
இல்லாத இடத்துக்குப் போய்
இல்லாத கோப்புகளை எண்ணிவிட்டு
கருவி திருப்பித் தந்தது: சுழி.
பக்கம் அறுபத்து நான்கு சொல்கிறது,
குறை இல்லையென்றால் சுழி.
காண ஒன்றுமே இல்லையென்றாலும் சுழி என்று
எந்தப் பக்கமும் சொல்லவில்லை.

எண்டெல் கீழ்த்தளத்துச் சமையலறையில்
கறுப்பு ரொட்டிமேல் மீன் துண்டு அடுக்கிக்கொண்டிருந்தார்.
பதினோரு வருடமாக அவர் எழுதிவரும் கையேடு.
"அதுவா? எல்லாருக்கும் தெரியுமே, மாரிகா.
காபி குடிக்கையில் யார் கேட்டாலும் சொல்வேன்."
பொய்யில்லை. சொல்வார்.
கூடவே ஒரு ரொட்டியும் தருவார். தந்தார்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது, சரி.
மாடியில் காத்திருப்பதற்கு
ஏட்டைத் தவிர வேறு கொல்லை இல்லையே.
எண்டெல் தலைக்குள் காய்த்துத் தொங்கியதெல்லாம்
அதற்குப் பூக்கக்கூட இல்லை.

மதிப்பிடுபவர் திருத்தக் கூடாது என்பது விதி.
நகலில் ஒரே ஒரு வரி சேர்த்தேன்.
மறுபடி ஓட்டினேன், அதே பிசகோடு.
"பார்க்கச் சொன்ன இடத்தில் கோப்பு எதுவும் இல்லை.
நான் எதையும் பார்க்கவில்லை.
ஆகவே குறை உண்டா இல்லையா,
என்னால் சொல்ல முடியாது."

இரண்டு தடவை வாசித்தேன்.
வில்யாந்தியில் வேலைக்குச் சேர்ந்த வருடம்,
மகளுக்குக் காய்ச்சல் கொதித்த இரவில்,
திறக்காத கோப்பின் அடியில்
"பார்த்தேன், சரி" என்று கையெழுத்திட்டேன்.
அந்த நிரல் இன்றும் ஓடுகிறது.
யாரும் கேட்கவில்லை.

சன்னலுக்கு வெளியே யாரோ
நாயைப் பிடித்துக்கொண்டு உறைந்த ஆற்றைக் கடக்கிறார்.
இந்த இடத்தில் அடியில் சுழி என்று
நகராட்சி ஒரு பலகை நட்டிருக்கிறது.
நேற்றைய பனி
அதன் எழுத்துவரை ஏறியிருக்கிறது.
நாய் பாதி வழியில் நின்று, எதையோ முகர்ந்து,
இழுத்த இழுப்புக்குப் போய்விட்டது.

முப்பத்தொன்றாம் கட்டம்:
தோல்வியைத் தெளிவாகச் சொல்கிறதா ஆவணம்?
சுழி போட்டேன்.
பேனாவை எடுக்க மனம் வரவில்லை.
நாளை இதைப் படிப்பவருக்கு
ஆவணம் தேறவில்லை என்று தெரியுமா,
நான் பக்கத்தையே புரட்டவில்லை என்று தோன்றுமா?
கட்டத்தைத் தாண்டி, தாளின் ஓரத்தில்,
பொடி எழுத்தில் எழுதினேன்:
அறுபத்து நான்காம் பக்கம். படித்தேன்.